ஒரே லேப்டாப்பில் இரண்டு நோடு: இஎக்ஸ் 248 எழுதப் போகிறவர்களுக்கு

நேற்று ராத்திரி மெயில் வந்தது, இஎக்ஸ் 248-இல் பாஸ் ஆகிவிட்டேன். 300-க்கு 210 வேண்டும், அதைத் தாண்டியாச்சு. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டே ஜாவா ஆப்களை ஓட்டும் ரெட் ஹாட்டின் ஜேபாஸ் சர்வர் பற்றிய இந்தப் பரீட்சைக்குப் படிக்க முடியுமா என்று கேட்கிற தம்பி, தங்கச்சிகளுக்காகச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன். பரீட்சையில் வந்த கேள்விகளை மட்டும் கேட்காதீர்கள், சொல்லக்கூடாது.

கிளஸ்டர் (பல சர்வர்கள் சேர்ந்து ஒன்றுபோல் வேலை பார்ப்பது) பாடத்துக்கு மூன்று மெஷின் வேண்டும், சென்னைக்குப் போய் கோர்ஸில் சேர் என்பார்கள். தேவையே இல்லை. 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும், ஒவ்வொரு சர்வருக்கும் ஜாவா எடுக்கும் மெமரியான ஹீப்பை மட்டும் 512 எம்பியில் நிறுத்துங்கள். ஜேபாஸில் தனி சர்வரின் ஃபைல்கள் இருக்கிற ஸ்டாண்டலோன் ஃபோல்டரை இரண்டு காப்பி எடுத்து, இரண்டையும் கிளஸ்டருக்கான ஹெச்ஏ கான்ஃபிக்கில் கிளப்புங்கள்; ஒவ்வொன்றும் ஒரு நோடு. இரண்டாவதுக்கு போர்ட் ஆஃப்செட் (போர்ட் எண்களோடு கூட்டுகிற எண்) 100: ஆப் திறக்கிற 8080 என்பது 8180 ஆகும், நிர்வாகத்துக்கான 9990 என்பது 10090 ஆகும். எக்ஸ்எம்எல்லைத் திறந்து ஒவ்வொரு போர்ட்டாக மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நோடு பெயர். நீங்கள் கொடுக்காவிட்டால் மெஷின் பெயரையே எடுத்துக்கொள்ளும், ஒரே மெஷின் என்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர் விழும், அப்புறம் லாகில் யார் யாரென்றே தெரியாது. லாகில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் கிளஸ்டர் வியூ வரியில் 2 என்ற எண்ணும் இரண்டு பெயரும் வந்தால்தான் அடுத்த வேலைக்குப் போங்கள். ஆப்பை டிப்ளாய் பண்ணும்வரை அந்த வரி வராமலும் இருக்கலாம், பதறவேண்டாம்.

சோதித்துப் பார்க்க வருகிறவர்களை நோடுகளுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர்கூட வேண்டாம். செஷனில் (ஒருவரின் வருகையைப் பற்றி சர்வர் நினைவில் வைப்பது) எண்ணிக்கை ஏற்றுகிற சின்ன ஆப் ஒன்றை இரண்டு நோடிலும் போட்டு, 8080-இல் நாலைந்து தடவை ரிஃப்ரெஷ் பண்ணி, முதல் நோடை கில் பண்ணிவிட்டு, அதே பிரவுசரில் 8180-ஐத் திறங்கள். செஷனை அடையாளம் காட்டும் குக்கி போர்ட்டைப் பார்ப்பதில்லை, ஹோஸ்டைத்தான் பார்க்கும். அதனால் எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் வெப் எக்ஸ்எம்எல்லில் டிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற வரி (செஷனை மற்ற நோடுக்கும் பகிரச் சொல்வது) இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் சில:

- சிஎல்ஐ (கட்டளை தட்டி சர்வரை நிர்வகிக்கும் கருவி) தானாக 9990-க்குத்தான் போகும். இரண்டாவது நோடுக்கு கன்ட்ரோலர் முகவரியில் 10090 கொடுங்கள், இல்லையென்றால் முதல் நோடின் அமைப்பு மாறிவிடும்.
- ரீபூட்டுக்குப் பிறகு நிலைத்திருக்காத வேலைக்கு மார்க் கிடையாது.
- விடியற்காலையில் படியுங்கள். நம்ம ஊர் மத்தியான வெயிலில் இரண்டு நோடு ஓடினால் லேப்டாப் தாங்காது. சாரல் நேரத்துத் தென்காசிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.
- முந்தின நாள் எல்லா ஃபோல்டரையும் அழித்துவிட்டு, குறிப்பைப் பார்க்காமல் முதலிலிருந்து கட்டிப் பாருங்கள். பரீட்சையில் எனக்குக் கை நடுங்காமல் இருந்தது அதனால்தான்.