ரேடியேட்டர் மூடியின் நடு வால்வு

சென்ற மாதம் ஒரு காலையில் காரின் பானட்டைத் திறந்தபோது, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் யாரோ உறிஞ்சியதுபோலச் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. பழுது மூடியில்தான் இருந்தது. மூடியின் ஸ்பிரிங் சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிப்பதில்லை; அதற்கு மேல் அழுத்தம் ஏறினால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பக்கத்திலுள்ள ரிசர்வ் டேங்குக்கு வழிந்துவிடும். என்ஜின் ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே விட வேண்டிய நடு வால்வு, என் மூடியில் துருவேறி இறுகியிருந்தது; அதனால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ் சப்பையாகிவிட்டது. நல்ல மூடியில் விரல் நகத்தால் மெல்ல இழுத்தால் இந்த வால்வு திறந்து, விட்டதும் தானே மூட வேண்டும். ரப்பர் வளையத்தில் வெடிப்பு தெரிந்தால் கழுவிப் பயனில்லை. பழைய மூடியில் அச்சிட்ட அதே அழுத்த அளவுள்ள புதியதையே வாங்குங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடவே வேண்டாம், அழுத்தம் நீங்கிய கணமே கூலன்ட் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும்.