டீக்கடை அண்ணாச்சி

2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் சாதிக் கயிறு, அதாவது இன்ன சாதி என்று காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு, கட்டத் தடை கேட்டது. சரி, அது அரசாங்கம் பார்க்கிற பாடு.

எங்கள் தெருப் பையன் ஒருத்தனைத் திருப்பியது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டீக்கடை போட்டிருக்கும் அண்ணாச்சி. முன்பின் தெரியாதவர். கையில் கலர் கயிறு, இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு பள்ளிக்கு மட்டம் போட்டு நின்றவனை அழைத்து, உளுந்த வடையும் டீயும் கொடுத்திருக்கிறார். "மொதல்ல தின்னுல."

தின்று முடித்ததும் கையை நீட்டினாராம். "இடுப்புல இருக்கத எடுத்து இங்க வை. நாளைலேருந்து பள்ளிக்கூட பஸ் ஏறும்போது ஒம் மூஞ்சிய நான் பாக்கணும்."

பெற்ற தகப்பனுக்கே அடங்காதவன், மறுநாள் போய் நின்றான்! கத்தியை அவர் திருப்பித் தரவே இல்லை. வடைக்கு வெங்காயம் நறுக்க அதுதான். கயிறு எப்போது கழன்றது என்று அவன் வீட்டிலேயே யாரும் கவனிக்கவில்லை.

இப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். அண்ணாச்சி டீக்குக் காசு கறாராக வாங்கிவிடுகிறார்.