ஐ.சி கொப்பி கேக்கிற ஊரில டேட்டா பாதுகாப்பு

எங்கட இலங்கையில தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் இருக்கு எண்டு சொன்னா கன பேர் நம்பமாட்டினம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், மார்ச் 19ஆம் திகதி சபாநாயகர் கையெழுத்துப் போட்டது, கேஸுக்கும் பெற்றோலுக்கும் நாங்க லைன்ல நிண்ட அந்த வருஷம்தான், அதால ஆரும் பெருசா கவனிக்கேல்ல. 2023 ஜூலையில, இதைக் கண்காணிக்கிற தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கான பகுதி நடைமுறைக்கு வந்தது. கொம்பனிகளின்ட தலையில சுமை விழுற முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 தொடங்கும் எண்டாங்கள், பிறகு ஆயத்தம் காணாது எண்டு அதைத் தள்ளிப்போட்டு அந்த வருஷமே திருத்தச் சட்டமும் கொண்டு வந்தாங்கள். மீறினா ஒரு தடவைக்கு ஒரு கோடி ரூபா வரைக்கும் தண்டம்.

நான் வேலை செய்யிறது ஐரோப்பிய க்ளையண்ட்ஸுக்கு சொஃப்ட்வெயார் செய்யிற இடத்தில. அங்க ஜிடிபிஆர் எண்ட ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டா எல்லாருக்கும் பயம், ஏனெண்டா தண்டம் 2 கோடி யூரோ இல்லாட்டி உலகம் முழுக்க வாற வருஷ வருமானத்தில 4 வீதம், எது கூடவோ அதுவரைக்கும் போகும். அதால ஆர் எந்த டேட்டாவைத் திறந்தாலும் அது சிஸ்டத்தின்ட பதிவில விழும், டெவலப்பர்மாருக்கு உண்மையான கஸ்டமர் டேட்டாவே குடுக்கிறேல்ல, பேரும் ஃபோன் நம்பரும் மாத்தின டெஸ்ட் டேட்டாதான், வேலையை விட்டுப் போறவையின்ட எக்கவுண்ட் அண்டைக்கே க்ளோஸ். இவ்வளவும் ஏழாம் மாடியில. கீழ ரிசெப்ஷன்ல பாத்தா பெரிய சி.ஆர் கொப்பி (பதிவுப் புத்தகம்) ஒண்டு விரிச்சபடி கிடக்கும், வாற ஆக்கள் பேர், ஐ.சி (அடையாள அட்டை) நம்பர், ஃபோன் நம்பர், ஆரைப் பாக்க வந்தது எல்லாம் எழுதோணும், நீங்க எழுதேக்க உங்களுக்கு முதல் வந்த இருபது பேரின்ட விபரமும் உங்கட கண்ணுக்கு முன்னாலதான். முடிஞ்ச கொப்பிகள் எங்க போகுது எண்டு கேட்டா செக்யூரிட்டி அண்ணைக்கும் தெரியாது.

ஐ.சி நம்பர்தானே, அதில என்ன இருக்கு எண்டு கேப்பீங்க. பழைய அட்டையை எடுத்துப் பாருங்கோ, ஒன்பது இலக்கமும் பின்னால ஒரு எழுத்தும். முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூண்டும் அந்த வருஷத்தில எத்தினையாவது நாள் எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500ஐக் கூட்டியிருக்கும். புது 12 இலக்க நம்பர்லயும் இதே கதைதான், வருஷம் மட்டும் நாலு இலக்கமா வரும். அப்ப நம்பர் தெரிஞ்ச ஒருத்தருக்கு உங்கட பிறந்த திகதியும் ஆணா பெண்ணா எண்டதும் சும்மாவே கிடைக்குது. இனி ஏதாவது ஒரு கோல் சென்டருக்கு எடுத்துப் பாருங்கோ, "வெரிஃபிகேஷனுக்கு ஐ.சி நம்பர் சொல்லுங்கோ, பிறந்த திகதியும் சொல்லுங்கோ" எண்டுவினம். முதல் கேள்வியின்ட பதிலுக்குள்ளயே ரெண்டாவது பதில் கிடக்கு, இதை ரெண்டு செக் எண்டு கணக்கு வைக்கிறாங்கள் பாருங்கோ!

எனக்கு இதில பிடிபட்டது என்னெண்டா, டேட்டாவை மற்றவை வாசிக்கேலாதபடி மாத்திற என்கிரிப்ஷன், வெளியாக்களைத் தடுக்கிற ஃபயர்வோல் எல்லாம் பிறகு வாற கதை, முதல் கேக்கவேண்டியது இந்த விபரம் எங்களுக்கு ஏன் எண்டதுதான். பேங்க் கார்ட் கொம்பனியள் போட்ட பிசிஐ எண்ட பாதுகாப்பு விதி இதில நல்ல தெளிவு. கார்டுக்குப் பின்னால இருக்கிற அந்த மூண்டு இலக்கத்தை, பேமென்ட் ஓகே ஆனபிறகு கடைக்காரர் சேமிச்சு வைக்கவே கூடாது, என்கிரிப்ட் பண்ணிக்கூட வைக்கேலாது. எங்கட சட்டமும் அதைத்தான் சொல்லுது, சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும் எடு, தேவை முடிய வச்சிருக்காதே எண்டு. ஆனா எங்கட ஒஃபிஸுகளுக்கு எதையும் எறிய மனம் வராது, "எப்பயாவது தேவைப்படும்" எண்டு ஃபைல் கட்டு அலுமாரிக்கு மேல ஏறிக்கொண்டே போகும்.

வச்சிருக்கவேண்டியதையாவது ஒழுங்கா வச்சிருக்கிறமா எண்டா அதுவும் இல்ல. 2023ல அரசாங்க க்ளவுட்டுக்கு, ஃபைலுகளைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற ரான்சம்வெயார் அடிச்சதே, மே 17இல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்குமான மெயில் போச்சு, கிட்டத்தட்ட 5000 அரச (ஜிஓவி) மெயில் விலாசங்கள், அமைச்சரவை அலுவலகமும் அதுக்குள்ள. வெளியில தனியா ஒரு பேக்கப் இருந்திருந்தா இவ்வளவு போயிருக்காது. டேட்டா பாதுகாப்பு எண்டா களவு போகாம பாக்கிறது மட்டும் எண்டு நினைக்கிறம், அழிஞ்சு போகாம பாக்கிறதும் அதுக்குள்ளதான் வரும்.

இன்னொண்டு, இது எங்கட தமிழ் ஆக்களுக்கு. இனம், மதம், உடல்நலம், கைரேகை மாதிரி விபரங்களை சட்டம் விசேட வகை எண்டு தனியாப் பிரிச்சு வச்சிருக்கு, அதுகளைத் தொடுறதுக்குக் கூடுதல் கட்டுப்பாடு. யுத்தகாலத்தில கொழும்பில வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் இருந்தவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல, பொலிஸ் பதிவுத் துண்டை மடிச்சு ஐ.சிக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்ச சனம் நாங்கள். அந்தப் பழக்கமோ என்னவோ, இண்டைக்கும் ஆர் கேட்டாலும் மறுபேச்சில்லாம அட்டையை நீட்டுறம். ஏன் எண்டு கேட்டா பிரச்சினை வரும் எண்டு எங்கயோ ஊறிப்போச்சு. எங்கட அம்மா இப்பவும் அஞ்சு ஐ.சி ஃபோட்டோக்கொப்பி பேக்குக்குள்ள ரெடியா வச்சிருப்பா.

கொப்பி குடுக்கத்தான் வேணும் எண்டா நான் இப்ப செய்யிறது, குறுக்கால ரெண்டு கோடு கீறி, என்னத்துக்குக் குடுத்தது எண்டும் திகதியும் அதுக்கு மேலயே எழுதிப்போட்டுத்தான் குடுக்கிறது. ஒருக்கா ஒரு சிம் கடைப் பெடியன் மூஞ்சையைச் சுழிச்சான், ஆனா எடுத்தான்.

ஒஃபிஸுகளில வேலை செய்யிறவை எச்.ஆர்ல ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ, முந்தி அப்ளை பண்ணி வேலை கிடைக்காமப் போனவையின்ட சி.வியள் எங்க கிடக்கு எண்டு. எங்கட இடத்தில கேட்டா எல்லாம் ஷெயார்ட் ஃபோல்டர் ஒண்டுக்குள்ள, படம், விலாசம், கலியாணம் கட்டினதா இல்லையா எண்டதோட, ஒஃபிஸ்ல இருக்கிற எவரும் திறக்கலாம். இப்ப அது எச்.ஆர்ல ரெண்டு பேருக்கு மட்டும்தான் திறக்கும், ஆறு மாசம் தாண்டினதை டிலீட் பண்ண ஒரு ஸ்க்ரிப்ட் போட்டிருக்கிறம். கீழ ரிசெப்ஷன்ல கிடக்கிற சி.ஆர் கொப்பியை மாத்த மட்டும் பில்டிங் மனேஜ்மென்ட் இன்னும் சம்மதிக்கேல்ல.