ஏலத்துக்கு வரும் வெள்ளி ரூபாய்

ஏலப் பட்டியலில் ஒரு வெள்ளி ரூபாய்க்குக் கிடைக்கும் இடம் இரண்டே வரி. அதை எழுத தராசு, விட்டம் அளக்கும் வெர்னியர், பத்து மடங்கு லென்ஸ், ஒரு தம்ளர் தண்ணீர் எல்லாம் வேண்டும்.

1835 முதல் 1939 வரையிலான ஆங்கிலேயர் காலத்து ரூபாய் 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். புழங்கித் தேய்ந்த காசு 11.5 காட்டினால் கவலையில்லை. முகம் தேயாமல் எடை மட்டும் குறைந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போது தண்ணீர்ச் சோதனை. தம்ளரைத் தண்ணீரோடு தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்கத் தொங்கவிட வேண்டும். தராசு காட்டுவது காசு விலக்கும் தண்ணீரின் எடை; நல்ல காசுக்கு அது ஏறக்குறைய 1.13 கிராம். பித்தளையில் வெள்ளிப் பூச்சு என்றால் 1.35க்கு மேல் போகும். விளிம்புப் பல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நல்ல காசும் போலியாகத் தெரியும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும், குமிழி விட்டுவிடும். 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் மன்னர் ரூபாயில் பாதிதான் வெள்ளி. அது 1.22 அளவில் நிற்கும். இதை மறந்து அசலைப் போலி என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

வெள்ளியிலேயே வார்த்த போலி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு லென்ஸ்தான். வார்ப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டமும் ஒரு முடி குறையும். 1939 ரூபாய் அரிது என்பதால் 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்குகிறார்கள். அந்த எண்ணைச் சுற்றி மட்டும் தளம் சுரண்டியதுபோல் பளபளத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

1911 'பன்றி ரூபாய்' பற்றிக் கேட்காத நாளில்லை. மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது; வெளியே வராதவற்றை உருக்கிவிட்டு 1912இல் யானையைத் திருத்தினார்கள். 1918 ரூபாயைவிட அது நிச்சயம் விலை பெறும், ஆனால் வீடு வாங்கித் தராது. 1918 போல் கோடிக்கணக்கில் அச்சடித்த ஆண்டுகளின் காசுகளைத் தனித்தனி லாட்டாக (ஏலத்தில் ஒரு எண்ணில் விற்கும் உருப்படியாக) போடுவது வீண்; பத்துப் பத்தாகக் கட்டினால்தான் நகரும்.

விலையைக் கெடுப்பதில் போலியைவிட முந்தி நிற்பது விபூதி. ஏலத்துக்குக் கொடுக்கும் முன் 'பளிச்சென்று இருக்கட்டும்' என்று விபூதியாலோ புளியாலோ பல்பொடியாலோ தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். தேய்த்த காசைச் சாய்ந்த ஒளியில் திருப்பினால் நூல்நூலாகக் கீறல் தெரியும். அச்சில் வந்த மினுமினுப்பு ஒருமுறை போனால் திரும்பாது. கருத்த காசை அப்படியே விடுவதே நல்லது. பிளாஸ்டிக் உறையால் பச்சைப் பிசுக்குப் படிந்திருந்தால் மட்டும் அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம். காசுமாலையிலிருந்து பிரித்தவற்றின் விளிம்பில் வளையம் பற்றவைத்த ஈயத் தடத்தையும், அடைத்த துளையையும் படத்தில் காட்டியே ஆகவேண்டும். காசைச் சோதித்துப் பார்க்கும் சராப்பு (நாணயம் மாற்றுபவர்) குத்திய சிறு முத்திரைகளும் அப்படியே.

நூறு ஆண்டு தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வாங்கியவர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பட்டியலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

குறையை எழுதினால் விலை விழும் என்று உரிமையாளர் முகம் சுளிப்பார். எழுதாமல் விட்டால், வாங்கியவர் லென்ஸ் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். அதே காசு அடுத்த ஏலத்தில் ஏறும்போது வழக்கமாக வருகிறவர்கள் படத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்; ஆரம்ப விலைக்கே கை தூக்க ஆளிருக்காது.