எரிந்த காரும் இழப்பீட்டு வழக்கும்: தொடரும் நாட்குறிப்பு

பிப்ரவரி 11

தம்பியின் கார் தீப்பற்றி எரிந்ததில் அவனுக்குத் தீக்காயம். காரைத் தயாரித்த நிறுவனத்தின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடரத் தயாராகிறோம். இதற்கிடையே காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் இன்று வந்தது. காரை முழுச் சேதம் என்று தீர்மானித்துவிட்டார்கள். இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் தொகையைக் கணக்கில் செலுத்திவிட்டு, எரிந்த கூட்டைத் தாங்களே அப்புறப்படுத்திக்கொள்வதாக எழுதியிருக்கிறார்கள். தம்பியின் மருத்துவமனைச் செலவுக்கு அந்தப் பணம் உடனே தேவைப்பட்டாலும், அந்தப் படிவத்தை இப்படியே அனுப்பக்கூடாது என்று வழக்கறிஞர் அம்மையார் உறுதியாகச் சொல்லிவிட்டார். கூடு பழைய இரும்புக்குப் போய் நசுக்கப்பட்டுவிட்டால், எந்தப் பாகத்தில் தீ தொடங்கியது என்பதை நிரூபிக்க வேறு எதுவும் மிஞ்சாது. மருத்துவப் பதிவுகளை எப்போது வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ளலாம். எரிந்த வண்டிக்கு நகல் கிடையாது.

கூட்டின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைத் தருமாறும், வண்டியை எங்களிடமே விட்டுவிடுமாறும் எழுதிக் கேட்டிருக்கிறோம். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், வழக்கு முடியும்வரை வண்டியில் கைவைக்கக் கூடாது என்ற எழுத்துமூலமான கோரிக்கை அவர்களிடம் பதிவாகியிருக்கும். காப்பீட்டு நிறுவனமும் தான் கொடுத்த தொகையைத் தயாரிப்பாளரிடமிருந்து மீட்க வழக்குத் தொடரலாம் என்பதால், வண்டியைக் காப்பதில் அவர்களுக்கும் நன்மை இருக்கிறது.

மின்சார வாகனம் எரிந்தவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அணைந்துவிட்டதாகத் தோன்றும் லித்தியம் மின்கலத் தொகுப்பு சில மணி நேரம் கழித்தோ சில நாள்கள் கழித்தோ மீண்டும் பற்றக்கூடும் என்பதால், அத்தகைய வண்டியைக் கட்டடங்களிலிருந்தும் பிற வாகனங்களிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துவதே பாதுகாப்பு.

பிப்ரவரி 14

வழக்கறிஞருடன் நீண்ட பேச்சு. "தயாரிப்பாளர் அலட்சியமாக இருந்தார் என்று நாம் எப்படி நிரூபிக்க முடியும், மேடம்? அவர்களுடைய தொழிற்சாலைக்குள் நாம் நுழையவே முடியாதே" என்று கேட்டேன். "அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, சார். பொருளில் குறை இருந்தது, அந்தக் குறையால்தான் காயம் ஏற்பட்டது, இந்த இரண்டையும் காட்டினால் போதும்" என்றார்.

பாதிக்கப்பட்டவர்கள் முதலில் அறிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1963-இல் கிரீன்மன் வழக்கில் இந்தக் கடும் பொறுப்புக் கொள்கையை நிலைநாட்டியது. ஐரோப்பியச் சமூகம் 1985-இல் இதை வழிகாட்டு நெறியாக்க, பிரிட்டன் 1987-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதைச் சேர்த்தது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருள் பொறுப்புக்கென்றே தனி அத்தியாயத்தை வைத்திருக்கிறது.

குறை என்பது மூன்று விதமாக இருக்கலாம். வடிவமைப்பு சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட வண்டியில் மட்டும் பாகம் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தால் அது உற்பத்திக் குறை. அந்த மாடலின் எல்லா வண்டிகளிலும் எரிபொருள் குழாய் சூடான வெளியேற்றக் குழாயை ஒட்டியே செல்கிறது என்றால் அது வடிவமைப்புக் குறை. ஆபத்து தெரிந்திருந்தும் உரிமையாளருக்குச் சொல்லாமல் விட்டது எச்சரிக்கைக் குறை. எந்தக் குறை என்பதைப் பொறுத்தே தேட வேண்டிய ஆதாரமும் மாறுகிறது. முதலாவதற்கு நம் வண்டியே போதுமானதாக இருக்கலாம், மற்ற இரண்டுக்கும் தயாரிப்பாளரின் உள் ஆவணங்கள் வேண்டும்.

எதிர்த்தரப்பில் தயாரிப்பாளர் மட்டும் இல்லை. அந்தப் பாகத்தைச் செய்து கொடுத்த துணை நிறுவனம், விற்ற முகவர், கடைசியாகப் பழுது பார்த்த ஒர்க்ஷாப் என எல்லோரையும் சேர்க்கச் சொன்னார். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர்கள் பழியை அங்கே இல்லாதவர்மீது சுமத்திவிட்டு விலகிக்கொள்வார்கள். வண்டியில் மாற்றம் செய்தார்களா என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும் என்பதால் சர்வீஸ் பில்கள் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டேன். தம்பி வெளியிலிருந்து விளக்கோ ஹாரனோ எதையும் மாட்டியதில்லை.

பிப்ரவரி 26

தயாரிப்பாளர் அந்த மாடலை ரீகால் செய்யவில்லையே, அதாவது குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லையே, பிறகு எப்படி வழக்கு நிற்கும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ரீகால் இருந்தால் வழக்குக்கு வலு கூடும். இல்லாவிட்டாலும் வழக்கு நிற்கும். குறை வெளியே தெரிந்து அறிவிப்பு வருவதற்குள் யாராவது எரிந்திருக்கிறார்கள் என்பதே பல ரீகால்களின் வரலாறு.

ஃபோர்டு நிறுவனத்தின் பின்டோ காரை நினைத்துக்கொண்டேன். பின்பக்கம் மோதினால் எரிபொருள் தொட்டி கிழிந்து தீப்பற்றும் அமைப்பு அதற்கு இருந்தது. 1972-இல் நடந்த விபத்தில் ஒரு பெண் இறந்தார், உடன் சென்ற 13 வயதுச் சிறுவன் கொடுமையாக எரிந்து பிழைத்தான். 1978 பிப்ரவரியில் நடுவர் குழு 12.5 கோடி டாலரைத் தண்டனை இழப்பீடாக விதித்தது. நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். 1981-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க அந்நிறுவனம் முன்வந்தது 1978 ஜூனில்தான், அதாவது அந்தத் தீர்ப்புக்குப் பிறகு. பாதிக்கப்பட்டவரின் வழக்கு முந்திக்கொண்டு, ரீகால் பின்னால் வந்தது.

கார்கள் எரிவதற்கான காரணங்கள் காலத்தோடு மாறியிருக்கின்றன. 2018-இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து எரிந்தபோது, வெளியேற்ற வாயுவைக் குளிர்விக்கும் பாகத்திலிருந்து குளிர்விப்பான் திரவம் கசிந்தது கண்டறியப்பட்டது. 2021-இல் எல்லா செவ்ரோலெட் போல்ட் கார்களும் திரும்ப அழைக்கப்பட்டதற்கு, ஒரே மின்கலத்துக்குள் இரண்டு உற்பத்திக் குறைகள் சேர்ந்து அமைந்ததே காரணம்.

மார்ச் 5

காலவரம்பு பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தை அணுக வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகள். பிரிட்டனில் பொதுவாக 3 ஆண்டுகள். அத்துடன் பொருள் விற்பனைச் சங்கிலிக்குள் வந்து 10 ஆண்டுகள் கடந்துவிட்டால் அந்நாட்டின் 1987 சட்டத்தின்படி உரிமையே அழிந்துவிடுகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பழைய வண்டி எரிந்தவர்கள் இந்தப் பத்தாண்டுக் கணக்கை முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

மார்ச் 21

கூட்டு ஆய்வு இன்று நடந்தது. எல்லாத் தரப்புக்கும் முன்னறிவிப்பு அனுப்பி, அவரவர் நிபுணர்களின் முன்னிலையில்தான் வண்டியைத் தொட்டோம். நாங்கள் மட்டும் தனியாகத் திறந்திருந்தால், ஆதாரத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

எஞ்சினின் இடப்புறத்தில் அலுமினிய மூடி உருகி, கீழேயுள்ள இரும்புத் தட்டில் வெள்ளித் துளிகளாக உறைந்திருந்தது. வலப்புறத்தில் அதே உலோகம் உருக்குலையாமல் இருந்தது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், செம்பு 1085-இல். ஆகவே எந்தப் பக்கம் வெப்பம் மிகுந்திருந்தது என்பதை உலோகமே காட்டிவிடுகிறது. செம்பு வயர் ஒன்றின் நுனியில் கடுகளவு உருண்டை திரண்டிருந்ததைக் கண்டதும் மின்கசிவுதான் காரணம் என்று எண்ணினேன். தீ வந்து உறையை எரித்த பிறகும் மின்னோட்டம் இருக்கும் வயரில் அப்படி உருண்டை உருவாகலாம் என்று எங்கள் நிபுணர் நிதானமாக விளக்கினார். அவர் நெடுநேரம் பார்த்தது எரிபொருள் குழாயின் இணைப்பைத்தான். அங்கே கிளாம்ப், அதாவது குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையம், பிடித்திருந்த தடம், அதே மாடலின் வேறொரு வண்டியில் இருந்ததைவிட விளிம்பை நோக்கி நகர்ந்திருந்தது. அந்த இணைப்பை இன்று யாரும் பிரிக்கவில்லை. உறையிலிட்டு, முத்திரையிட்டு, அனைவரும் கையெழுத்திட்டோம். முதலில் எக்ஸ்ரே, பிறகே வெட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 3

தயாரிப்பாளர் தரப்பிலிருந்து சமரசத் தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். இறுதித் தீர்வு என்ற வாசகமும், வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருக்கின்றன. பின்னிருக்கையில் தன் மகளின் சீட் பெல்ட்டைக் கழற்றும்போதுதான் தம்பியின் இரு கைகளும் வெந்தன. தோல் ஒட்டு அறுவை சிகிச்சை முடிந்தும் விரல்கள் உள்நோக்கி இழுத்துக்கொண்டே வருகின்றன. தழும்பு முதிர்ந்து நிலைபெற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும், அதன் பிறகுதான் இன்னும் எத்தனை அறுவை சிகிச்சைகள் தேவை என்று கணிக்க முடியும் என்கிறார் மருத்துவர். அந்தக் கணிப்பு வருவதற்குமுன் கையெழுத்திட்டால் பின்னால் வரும் செலவு முழுவதும் அவன் தலையில்தான் விழும்.

"அண்ணா, பணம் எவ்வளவு என்பதைப் பிறகு பார்க்கலாம், அந்தப் பாகம் இன்னும் எத்தனை வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது?" என்று தம்பி கேட்டான். அவன் கேட்டது சரியே. சமரசத்தை இப்போதைக்கு மறுத்துவிட்டோம். எதிர்கால சிகிச்சை, இழந்த வருமானம், வலி, உருச்சிதைவு, குழந்தைக்கு வேண்டிய மனநல ஆலோசனை ஆகிய அனைத்தையும் கோரும் மனு காலவரம்புக்கு வெகு முன்பே தாக்கலாகும். வாகனப் பாதுகாப்பு ஆணையத்துக்கான புகாரை இன்று மாலையே, சேசிஸ் எண்ணும் கிளாம்பின் படங்களும் இணைத்து அனுப்பிவிட்டேன்.