பெங்களூரில் செர்ரி இறால் தொட்டி: சரளை, தண்ணீர், ஏழு வாரக் குறிப்பு

தொட்டி 60×30×30 செ.மீ. சரளையும் மேல் இடைவெளியும் போக 40 லிட்டர் தண்ணீர் நிற்கும். செர்ரி இறால் என்ற சின்ன நன்னீர் அலங்கார இறாலுக்கு வேண்டியது ஜிஎச் (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) 6–8 டிகிரி, கேஎச் (பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் காரத்தன்மை) 2–4 டிகிரி, பிஎச் 7-ஐ ஒட்டி.

கிரிஸ்டல் இறால் என்ற இன்னொரு வகைக்குப் போடும் ஆக்டிவ் சாயில் (தண்ணீரின் தன்மையை மாற்றும் மண் உருண்டை) இதற்கு வேண்டாம். அது கேஎச்சை உறிஞ்சிப் பிஎச்சை 6.5 பக்கம் இறக்கும். போர்வெல் கலந்த தண்ணீரை ஊற்ற ஊற்ற அதன் சக்தி சீக்கிரம் தீர்ந்து, கடைசியில் வெறும் மண் உருண்டைதான் மிஞ்சும். போட்டது 2–3 மி.மீ. கறுப்புச் சரளை, 4 செ.மீ. உயரத்துக்கு, சுமார் 11 கிலோ.

சரளையை வினிகரில் சோதிக்காமல் தொட்டியில் இறக்கவே கூடாது. கழுவி உலர்த்திய ஒரு பிடியை வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு, மூழ்க வினிகர் ஊற்றி ஐந்து நிமிடம் பார்க்கவும். முதல் மூட்டையில் கறுப்புக் கல் சும்மா கிடந்தது. இடையிடையே இருந்த வெளிறிய கல்லில் மட்டும் பொடிக் குமிழ் கோத்து மேலே ஏறியது. சுண்ணாம்புக் கல். அது கரையக் கரைய ஜிஎச்சும் கேஎச்சும் கையை மீறிப் போகும். மூட்டையை மாற்றியாயிற்று.

அடுத்தது தண்ணீர். இங்கே பல அடுக்ககங்களில் காவிரி, போர்வெல், டேங்கர் மூன்றும் ஒரே சம்ப்பில் விழுகின்றன. இன்றைய டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) நாளைக்கு இருக்காது. அதனால் ஆர்ஓ தண்ணீரில் உப்பைச் சேர்த்து நாமே கலந்துகொள்வதுதான் நிம்மதி. வீட்டு ஆர்ஓவில் டிடிஎஸ் கன்ட்ரோலருக்கும் மினரல் கார்ட்ரிஜுக்கும் முன்னாலேயே குழாயைப் பிரித்துப் பிடிக்கவும். செம்பு சேர்க்கும் மாடல் என்றால் அதன் பக்கமே போகாதீர்கள். செம்பு இறாலைக் கொன்றுவிடும்.

20 லிட்டர் கேனுக்கு அளவு: ஜிப்சம் 2.5 கிராம், எப்சம் உப்பு 1.8 கிராம், ஆப்பசோடா 1.2 கிராம். ஜிஎச் 6, கேஎச் 2 கிடைக்கும். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும். ஏர் பம்ப் போட்டு ஒரு இரவு விடவும். ஃபால்ஸ் சீலிங் பொடி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். 0.01 கிராம் காட்டும் தராசு அவசியம்.

வாரம் 1: ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா பாசி. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை வளர்க்க அமோனியம் குளோரைடு 0.3 கிராம்; அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி., நைட்ரஜன் கணக்கில்). அது இறங்கியதும் இன்னொரு முறை, பிறகு மூன்றாவது முறை.

வாரம் 4: அமோனியா அப்படியே நின்றுவிட்டது. ஃபில்டரில் கோளாறு இல்லை. கேஎச் சோதனையில் முதல் சொட்டிலேயே நிறம் மாறியது, அதாவது தண்ணீரில் கேஎச் ஏறத்தாழ இல்லை. 1 மி.கி. அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறச் சுமார் 7 மி.கி. காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும், மூன்று முறை போட்டதற்கு 2.4 டிகிரி கேஎச் தேவை, இருந்ததோ 2. பாக்டீரியா வேலையை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். ஆப்பசோடா 2.4 கிராம் கரைத்து ஊற்றியதும் மறுபடி இறங்கத் தொடங்கியது.

வாரம் 6: அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். பாதித் தண்ணீரை மாற்றி, பத்து இறால்களை விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் இரண்டு மணி நேரம் பழக்கி விட்டது.

வாரம் 7: பாசியில் கண்ணாடி போல இரண்டு ஓடுகள், முதுகில் மட்டும் பிளந்தவை. நல்லபடியாகக் கழன்றிருக்கின்றன. உடலைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் ஓடு சிக்கிக்கொண்டது என்று பொருள். ஜிஎச் குறைவும், ஒரேயடியாக நிறையத் தண்ணீர் மாற்றுவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். கழன்ற ஓட்டை எடுக்க வேண்டாம், இறால்களே தின்னும்.

வாரம் ஒருமுறை 4 லிட்டர் கலந்த தண்ணீர், மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக. ஆவியாகிக் குறைவதற்கு வெறும் ஆர்ஓ மட்டும்.