இரண்டு துடிப்புக்கு நடுவில்

6 ஜனவரி 2024, சனி

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போன என் மனைவி ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். மொத்தமே பதினெட்டுப் படி. "ஒண்ணுமில்லீங்க, மூச்சு வாங்குது, செத்த நேரத்துல சரியாயிரும்" என்றாள். இரண்டு வருஷமாக இதே பதில்.

ஓர் இடத்தில் இழுப்பு என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை. உட்காரவைத்து முதுகில் இரண்டு இடத்தில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்ததோடு சரி. இரவில் அவளுக்கு மூன்று தலையணை வேண்டும். மட்டமாகப் படுத்தால் இருமல் பிடித்துக்கொள்கிறது. போன வாரம் இருமியபோது சளியில் ரத்தக் கீற்று இருந்ததை இன்றுதான் சொல்கிறாள்.

கோயமுத்தூரில் பம்புசெட் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக லேத் ஓட்டுகிறேன். ஒரு மோட்டாரின் சத்தம் மாறினால் அன்றைக்கே கழற்றிப் பார்ப்பேன். இவள் விஷயத்தில் இரண்டு வருஷம் போய்விட்டது. இனி நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கப் போகிறேன்.

11 ஜனவரி, வியாழன்

இதய மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். வயதானவர். அவளைப் படுக்கவைத்து, இடப்பக்கமாகத் திரும்பச் சொல்லி, மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னார். ஸ்டெத்தின் குழிவான சின்னப் பக்கத்தை இடது மார்புக்குக் கீழே அழுத்தாமல் வைத்துக் கேட்டார். வெகுநேரம் அசையவில்லை. பேரிங் போன மோட்டாரைக் கண்டுபிடிக்க நாங்கள் ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். அவர் நின்ற நிற்பும் முகமும் அப்படியேதான் இருந்தன.

பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். லப், டப். அந்த டப்புக்குப் பிறகு ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில், அடித்தொண்டையில் ஓர் உறுமல். பாதி திறந்த கேட் வால்வு வழியாகத் தண்ணீர் போகும்போது வருகிற உறுமல். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ எடுத்தார்கள். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. நல்ல வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டும். இவளுடையது 0.9. நுரையீரலிலிருந்து வருகிற ரத்தம் மேலறையில் தேங்குகிறது, அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கே ஏறுகிறது. அதனால்தான் இருமல், அதனால்தான் மூன்று தலையணை. மூச்சுக்குழாயில் எந்தக் கோளாறும் இல்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இங்கே எழுதாமல் தூங்க முடியாது. நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 விநாடி. அதில் இதயம் சுருங்குவது ஏறக்குறைய 0.3 விநாடிதான். மீதி 0.5 விநாடி தளர்ந்து கிடக்கிறது. அந்தத் தளர்ச்சியில்தான் மைட்ரல் வால்வு திறந்து கீழறை நிரம்புகிறது. படியேறும்போது துடிப்பு 120 ஆனால் ஒரு சுற்றே 0.5 விநாடிதான். சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். பெரிய வெட்டு ஓய்வு நேரத்தில்தான் விழும், பாதியாகிவிடும். சின்ன ஓட்டை, நிரம்புவதற்கு நேரமும் இல்லை. ஏழாவது படியில் அவள் உட்கார்ந்தது இதனால்தான்.

துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால், தேங்கிய நீரை வெளியேற்ற நீர் மாத்திரை. துடிப்பதுதான் இதயத்தின் வேலை என்று நாற்பத்தைந்து வயது வரை நினைத்திருந்தேன்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். பானை பொங்கியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து குலவை போட்டாள், குரல் பாதியில் நின்றது. மகள் தொடர்ந்து போட்டாள்.

17 ஜனவரி, புதன்

அத்தை, அவளுடைய அம்மா, வால்பாறையிலிருந்து வந்திருக்கிறார். முப்பது வருஷம் தேயிலை பறித்தவர். எக்கோ ரிப்போர்ட்டில் 'ருமாட்டிக்' என்று எழுதியிருப்பதை மகன் படித்துக் காட்டியதும், "சின்னதுல காலு வீங்குச்சே, அதுவா?" என்று கேட்டார்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எஸ்டேட் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர். விடாத சாரல், கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் எல்லாருக்கும் கட்டும். அவளுக்குத் தொண்டைவலி வந்து தானாகவே போயிற்று. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்றி, கணுக்கால். அப்புறம் மணிக்கட்டு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மாசாமாசம் வரச் சொன்னார்கள். ஊசி போட்ட நாளெல்லாம் பிள்ளை நொண்டி நொண்டி அழுதாள். ஏழெட்டு ஊசியோடு அத்தை நிறுத்திவிட்டார். கால்வலிதான் போய்விட்டதே, இனி எதற்கு ஊசி என்று நினைத்தாராம். எதற்கென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ருமாட்டிக் என்பது இதுதான். தொண்டைக்கு வருகிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியை எதிர்க்க உடம்பு எழுப்புகிற படை, ஆள் அடையாளம் தவறிச் சொந்த மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டுகளை நக்கிவிட்டுப் போகும், இதயத்தைக் கடித்துவிட்டுப் போகும் என்று பழைய டாக்டர்கள் சொல்வார்களாம். மூட்டு ஆறிவிடும். வால்வின் இதழ் ஒவ்வொரு தொண்டைவலிக்கும் மறுபடி புண்ணாகித் தழும்பேறித் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டுவிடும். அந்த ஊசி பெனிசிலின். அது மூட்டுக்கல்ல, அடுத்த தொண்டைவலி வராமல் தடுப்பதற்கு.

அத்தை இரவு சாப்பிடவில்லை. "நான்தானே கண்ணு நிறுத்துனேன்" என்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த மலையில், அந்தக் கூலியில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு இரண்டு வாக்கியம் சொல்ல ஆளில்லாமல் போனதே என்று எனக்கு நெஞ்சு எரிகிறது. தொண்டைக் கிருமி பரவ நெரிசலான வீடு போதும். இது ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தேடி வருகிற இதய நோய்.

28 ஜனவரி, ஞாயிறு

எட்டாவது படிக்கிற மகனுக்கு ரத்த ஓட்டம் பாடம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

நாங்கள் செய்வது சுழலுகிற பம்பு. இதயம் அடிபம்பு ஜாதி. ஆனால் ஒன்றல்ல, இரண்டு பம்பு ஒரே உறைக்குள். வலது பக்கம் கெட்ட ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும், இடது பக்கம் நல்ல ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. நிமிஷத்துக்கு 5 லிட்டர். மகன் பெருக்கிப் பார்த்து, ஒரு நாளைக்கு 7,200 லிட்டர் என்றான். எங்கள் மாடியில் இருக்கிற 1,000 லிட்டர் டேங்க் ஏழு நிரம்பி வழியும். உடம்பில் இருப்பதோ சுமார் 5 லிட்டர்.

இதே கணக்கைத்தான் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி போட்டு 1628ல் வெளியிட்டார். அதுவரை ஆயிரத்து நானூறு வருஷமாக, கல்லீரல் சாப்பாட்டிலிருந்து ரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்று நம்பியிருந்தார்கள். இவ்வளவு ரத்தத்தைச் செய்ய எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஆகவே அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது என்றார். தமனியையும் சிரையையும் இணைக்கிற தந்துகிகளை நுண்ணோக்கியில் யாரும் பார்ப்பதற்கு முன்பே, வெறும் கணக்கில்.

அவர் செய்து காட்டிய இன்னொன்றை நாங்களும் செய்தோம். என் மேல்கையில் துண்டை இறுக்காமல் கட்டினோம். முன்கை நரம்பு, பாடத்தில் சிரை என்கிறார்களே, அது புடைத்தது, நடுநடுவே முடிச்சு மாதிரி. முடிச்சு இருக்கிற இடமெல்லாம் வால்வு. ஒரு விரலால் நரம்பை அழுத்திக்கொண்டு இன்னொரு விரலால் தோள் பக்கமாக நீவினால் காலியாகிறது, மேலேயிருந்து ரத்தம் திரும்பி இறங்குவதில்லை. "அப்பா, ஃபுட் வால்வு!" என்று கத்தினான். பம்புக் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற வால்வு அது.

என் கால்களைக் காட்டினேன். நாள் முழுக்க லேத் முன்னால் நிற்கிற எங்களில் பலருக்குக் கெண்டைக்காலில் நீலநீலமாகச் சுருண்டிருக்கும். அந்த வால்வுகள் தளர்ந்துபோனவை. நடந்தால் கெண்டைச் சதை பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும். நின்றால் ஏற்ற ஆளில்லை.

பிறகு அவன் கேட்ட கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வந்ததில் பெரிய சந்தோஷம். இதயம் விட்டு விட்டுத்தானே தள்ளுகிறது, இடைவெளியில் ரத்தம் ஏன் நிற்பதில்லை? பிஸ்டன் பம்பில் தண்ணீர் வெளியேறுகிற பக்கம் ஏர் வெசல் என்ற காற்றுக் கலம் வைப்போம். தள்ளும்போது உள்ளே காற்று அமுங்கும், தள்ளாதபோது விரிந்து தண்ணீரை ஓட்டும். இதயத்திலிருந்து புறப்படுகிற பெருந்தமனி ரப்பர் மாதிரி விரிந்து, தளர்ச்சி நேரத்தில் சுருங்கி அதே வேலையைச் செய்கிறது. 120க்கு 80 என்கிறார்களே, 120 இதயம் தள்ளும்போது, 80 அது ஓய்ந்திருக்கும்போது. வயதாகித் தமனி விறைத்தால் மேல் எண் ஏறுவதும் இதனால்தான்.

1 பிப்ரவரி, வியாழன்

பெனிசிலின் ஊசி திரும்பத் தொடங்கியது. பென்சதின் பெனிசிலின், 12 லட்சம் யூனிட், இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை. இருபத்தேழு வருஷம் விட்டுப்போன ஊசி.

8 பிப்ரவரி, வியாழன்

பட்டறையில் மூத்த டர்னர் அண்ணன் காலை டீக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய்வு என்று சோடா வாங்கிவர ஆள் ஓடினான். அவர் சட்டை நனைந்திருந்தது, மின்விசிறிக்குக் கீழே. இடது தோளும் தாடையும் வலிக்கிறது என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் சோடாதான் கொடுத்திருப்பேன். 108க்குப் போன் செய்தேன். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார்.

இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் இருந்தாலும் இதயத் தசை அதிலிருந்து குடிப்பதில்லை. பெருந்தமனி தொடங்குகிற இடத்தில் பிரிகிற இரண்டு கரோனரித் தமனிகள்தான் அதற்குச் சோறு. அந்தக் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து அடைத்தால், அதற்கு அப்பால் இருக்கிற தசை நிமிஷத்துக்கு நிமிஷம் சாகும். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இதயம் சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது. இடது கீழறையின் தசைக்குப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் ரத்தம் கிடைக்கும். மறுபடியும் அந்த அரை விநாடி. ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு உட்காரக் கிடைத்த இடைவெளியில் தான் சாப்பிடுகிறது. இதை எழுதும்போது, நாங்கள் எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளைப் பார்க்கிறேன்.

20 பிப்ரவரி, செவ்வாய்

சுருங்கிய வால்வைப் பலூனால் விரிக்கிற சிகிச்சை செய்யப்போகிறார்கள். அதற்கு முன்னால் தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ. வீங்கிய மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்திருந்தால், அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்துவிடும். இந்த நோயில் நாளாக நாளாக மேலறை சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும், அப்போது இந்த ஆபத்து இன்னும் கூடும். அவளுக்கு நடுக்கமும் இல்லை, கட்டியும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அனுமதியும் வந்துவிட்டது.

22 பிப்ரவரி, வியாழன்

முடிந்தது. நல்லபடியாக முடிந்தது.

நெஞ்சைத் திறக்கவில்லை. வலது தொடை இடுக்கில் மரக்க ஊசி போட்டு, சிரை வழியாகக் குழாயை வலது மேலறைக்கு ஏற்றி, நடுச்சுவரில் ஊசியால் துளைத்து இடது மேலறைக்குள் போய், மைட்ரல் வால்வுக்குள் பலூனை நிறுத்தினார்கள். ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1984ல் உலகுக்குத் தெரிவித்த முறை. பலூன் ஒரேயடியாக உப்பாது. முதலில் முன்பகுதி உப்பும், அதைப் பின்னால் இழுத்து வால்வில் மாட்டிக்கொள்வார்கள். பிறகு பின்பகுதி. அப்போது உடுக்கை மாதிரி இருக்கும், இடுப்பில் வால்வு. கடைசியில் அந்த இடுப்பு விரிகிற விநாடியில் ஒட்டிப்போன இரண்டு ஓரமும் பிரிந்துவிடும். பலூன் அளவுக்குச் சூத்திரம்: உயரத்தைப் பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டு. இவள் 155 சென்டிமீட்டர். 26 மில்லிமீட்டர் பலூன். அளவோடு வாழ்கிற எனக்கு அந்த எண்ணைக் கேட்டதும் ஒரு தெம்பு.

0.9 இப்போது 1.8. மாலை வார்டில் அவளே தலையணையை உருவிக் கீழே வைத்தாள். அன்றைய பெனிசிலின் ஊசியையும் அங்கேயே போட்டார்கள்.

3 மார்ச், ஞாயிறு

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தழும்பு தழும்புதான், பல வருஷம் கழித்து மறுபடி சுருங்கலாம். அப்போது செயற்கை வால்வு வைக்க நேரலாம். வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை, முருங்கைக்கீரையைக்கூட ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

இந்தியாவிலேயே செய்த வால்வு ஒன்று இருக்கிறது, சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் பொறியாளர்களும் பல மாதிரி செய்து, தோற்று, மறுபடி செய்து, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார்கள். உலோகக் கூண்டுக்குள் பாலிஎத்திலீன் தட்டு ஒன்று சாய்ந்து திறந்து மூடும். வருஷத்துக்கு மூன்றரைக் கோடித் தடவைக்கு மேல். நான் கடையும் எந்தப் பாகமும் அதில் நூறில் ஒரு பங்கு தாங்காது. அதைக் கடைந்த கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது.

14 மார்ச், வியாழன்

மூன்றாவது ஊசி. நேற்று மகளுக்குத் தொண்டைவலி, காய்ச்சல். அத்தை போனிலேயே, "இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க மாப்ள, நாளைக்குன்னு வெக்காதீங்க" என்றார். கூட்டிப்போனேன். பத்து நாளைக்கு மருந்து. காய்ச்சல் விட்டாலும் பத்து நாளும் கொடுக்க வேண்டும். மாத்திரை அட்டையில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

4 ஏப்ரல், வியாழன்

நான்காவது ஊசிக்கு அத்தையும் கூட வந்தார். பிடிவாதமாக உள்ளேயே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருந்து கெட்டியானது, மெதுவாகத்தான் ஏற்ற முடியும். "வலிக்குதா கண்ணு?" "வலிக்குதும்மா." முப்பத்தாறு வயதுக்காரி ஒன்பது வயதுக் குரலில் சொன்னாள். நாற்பது வயது வரையாவது போட வேண்டும், அதற்குப் பிறகும் தேவைப்படலாம் என்று நர்ஸம்மா அத்தையிடம் நிதானமாக விளக்கினார். எதற்கு இந்த ஊசி என்பதையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவள் மாடியில் துணி எடுக்கப் போனாள். நான் கீழே நின்று எண்ணினேன். பதினெட்டு. அத்தை நாட்காட்டியைக் கொண்டுவந்து, அடுத்த தேதி எது என்று கேட்டார். ஏப்ரல் 25ஐக் காட்டினேன். அடுப்படியிலிருந்து குங்குமம் எடுத்துவந்து அந்த எண்ணின் மேல் வைத்தார்.